வடக்கன்குளத்துச் சுவர்: அன்றும் இன்றும்

ஒரே பீடம், இரண்டு கோயில். 1872இல் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், வடக்கன்குளத்தில் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் பிரிந்து நீளும், நடுவில் சுவர். ஒரு கூடத்தில் வேளாளரும் அவர்களை ஒட்டிய சாதியினரும் முழந்தாளிடுவார்கள். மறு கூடத்தில் நாடார்களும் மற்றவர்களும். பூசை வைக்கிற சாமியாரை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கால்சட்டை மாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கட்டிய குருக்களைக் கொடியவர்கள் என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். யார் எங்கே உட்காருவது என்று ஊரில் பல காலமாகத் தகராறு. பூசை நடக்க வேண்டும், ஊர் அமைதியாக இருக்க வேண்டும், ஆள் குறையக் கூடாது. மூன்றுக்கும் சேர்த்து அவர்கள் கண்ட வழி செங்கல்லும் சுண்ணாம்பும். தமிழ்நாட்டுச் சபைகள் சாதியோடு செய்துகொண்ட சமரசங்களில் பெரும்பாலானவை இப்படி ஆள் கணக்கில் பிறந்தவைதான். 'கண்டிப்பாக இருந்தால் எத்தனை பேர் போய்விடுவார்கள்?' இந்தக் கேள்வியை ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். இதுவரை எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்ற கேள்வியை மிகச் சிலரே கேட்டார்கள்.

இந்த ஊருக்கு ஒரு முன்கதை உண்டு. அதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சுவரின் விபரீதம் முழுதாகத் தெரியும். நட்டாலத்து நாயர் குடும்பத்தில் 1712இல் பிறந்து, மார்த்தாண்ட வர்மா காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய்தான் அவருக்குக் கிறிஸ்துவை அறிமுகம் செய்தவர். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார். 1749இல் கைது, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். தாழ்த்தி வைக்கப்பட்டவர்களோடு அவர் சரிக்குச் சமமாகப் பழகினார், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அரண்மனைக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை என்பது சபை வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஞானப்பூவின் கல்லறை வடக்கன்குளத்திலேயே இருக்கிறது.

அதாவது, பந்தி பேதம் பார்க்காததற்காக ஒருவர் உயிரை விட்டார். அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊரில் 127 ஆண்டுக்குப் பிறகு, கோயிலுக்குள்ளேயே பேதத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. எருசலேம் தேவாலயத்தின் முற்றத்தில் யூதரல்லாதவர் தாண்டக் கூடாத ஒரு தடுப்பு இருந்தது. தாண்டினால் சாவுதான், அதற்குப் பொறுப்பு தாண்டியவரே என்று கிரேக்கத்தில் பொறித்த கற்களை அதில் பதித்திருந்தார்கள். எபேசு ஊர்க்காரரான துரோப்பீமுவைப் பவுல் அந்த எல்லைக்குள் கூட்டிக்கொண்டு போனார் என்று கூச்சலிட்டுத்தான் அவரைப் பிடித்து அடித்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. கிறிஸ்து இரண்டு இனத்தாரையும் ஒன்றாக்கி, நடுவிலிருந்த சுவரைத் தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் பேசுவதைப் படிக்கும்போது இந்தக் கல்லை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு கல்லை முழுதாகக் கண்டெடுத்தவர் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன்-கன்னோ. கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்டெடுத்த ஆண்டு 1871. அங்கே மண்ணைத் தோண்டி ஒரு சுவரின் சாட்சியத்தை எடுத்த மறு ஆண்டு, இங்கே வானம் தோண்டிக் கட்டிய சுவர் எழுந்து நின்றது.

ஆதிச் சபை அப்பழுக்கற்றது, நாம்தான் கெடுத்துவிட்டோம் என்று சொல்வதற்கும் வழியில்லை. பேதுருவையே பாருங்கள். ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு வீட்டுக்குள் போவதற்கு அவருக்கு ஒரு தரிசனமே வேண்டியிருந்தது. போனார், தங்கினார், சாப்பிட்டார். அப்புறம் அந்தியோக்கியாவில் யூதரல்லாத சகோதரர்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்தவர், எருசலேமிலிருந்து நாலு பெரிய மனிதர்கள் வந்ததும் மெல்ல எழுந்து நழுவினார். பவுல் அவரை எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி வெகு பரிச்சயம். பேதுருவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. யார் பார்க்கிறார்கள் என்பதுதான் அவர் கவலை.

தமிழ்நாட்டுச் சபைகளில் அந்தக் காலத்தில் சாதிக்கு வக்காலத்து வாங்கியவர்கள் 'அவர்கள் தாழ்ந்தவர்கள்' என்று வெளிப்படையாக வாதாடியது குறைவு. 'இது தேச வழக்கம், இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை' என்பதே பழக்கமான வாதம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, சைவம் உண்டு, உயர்குலத்தாரை அணுகினார். பரவர் சமூகத்தாருக்கு ஊழியம் செய்துவந்த பெர்னாண்டஸ் பாதிரியாரிடமிருந்து விலகி வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் நாட்டு வழக்கங்களே என்று 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். தமிழைக் கற்று, தமிழில் எழுதி, வேற்றுப் பண்பாட்டை மதித்த நொபிலியின் பெருமை பெரியது. அதன் விலையும் பெரியது: கொஞ்ச காலத்தில் குருக்களே பிராமண சந்நியாசி, பண்டாரசாமி என இரண்டு வகையானார்கள். 1704இல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்து பிறப்பித்த ஆணைகளில் ஒன்று, நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குரு போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பது. இதற்கு ஒரு ஆணை தேவைப்பட்டது என்பதே அன்றைய நிலை. தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கிய அதே 1745இல் புதுச்சேரிக் கோயிலுக்குள்ளும் ஒரு சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் கூட்டமாகப் போய்ச் சாமியாரிடம் முறையிட்ட பிறகு அது இடிபட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

சீர்திருத்தச் சபைகள் மட்டும் என்ன? தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்குவின் சபையிலும் உயர்த்தி வைக்கப்பட்டவர்களும் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களும் இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், அவர் வேளாளர். தஞ்சைப் பகுதியில் ஊழியம் செய்த ராஜநாயக்கன் உபதேசியார் உழைப்பிலும் துணிவிலும் யாருக்கும் குறைந்தவரில்லை. ஆனால் பறையரான அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து இறந்தார்.

இதில் மிகவும் சிக்கலான ஆள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரின் நண்பர். தமிழ்க் கிறிஸ்தவர்களின் நாவில் இன்றும் அவர் கீர்த்தனைகள் இருக்கின்றன. 1820களில் வந்த புதிய மிஷனரிகள் மேல் அவர் அடுக்கிய குற்றச்சாட்டுகள் நான்கு: பழைய தமிழ் வேதத்தில் கைவைக்கிறார்கள், சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள், திருமணத்திலும் சாவிலும் பூ வைக்கத் தடுக்கிறார்கள், கோயிலில் தமிழ்க் கீர்த்தனை பாடக் கூடாது என்கிறார்கள். இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திகைப்புதான். பூவுக்கும் பாட்டுக்கும் தமிழுக்கும் அவர் போராடியது நூற்றுக்கு நூறு நியாயம். வெள்ளைக்காரப் பாதிரிமார் தங்கள் ஊர் ரசனையைச் சுவிசேஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். அதே மூச்சில் சாதியையும் பூவோடு பூவாகக் கட்டிக் கொடுத்தார் சாஸ்திரியார். எதிர்ப்பக்கத்திலும் அதே குழப்பம்: சாதி கூடாது என்ற மிஷனரிகள் மல்லிகைச் சரத்தையும் கூடவே கூடாது என்றார்கள்.

கிறிஸ்தவன் என்ற முறையில் நான் பிரித்துப் பார்க்க விரும்புவது இங்கேதான். பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மொழிக்கு மாறவில்லை. அவரவர் பாஷையில் கேட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷம் காட்டும் கடைசிக் கூட்டத்திலும் சகல கோத்திரமும் சகல மொழியும் அடையாளம் அழியாமல் நிற்கின்றன. மொழி, பண், பறை, மேளம், பூ, சாப்பாடு எல்லாம் மனிதரின் வகை வகையான செல்வம். சாதியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. யார் மேல், யார் கீழ் என்று நிறுத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. இதைப் பண்பாடு என்று பெயர் மாற்றித்தான் முந்நூறு ஆண்டுகள் கோயிலுக்குள் வைத்திருந்தோம்.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் இனி தாமதம் கிடையாது, சாதியை உடனே விட வேண்டும் என்று ஓலை அனுப்பினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னால் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்த விஷயத்தில் தளர்வாக இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சபை கண்டித்தால் பக்கத்துச் சபையில் கதவு திறந்திருந்தது. சபைப் பிரிவினைகளுக்குப் போதனை வேறுபாடு மட்டுமே காரணம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம்.

1910க்கு வருவோம். வடக்கன்குளத்தில் சம உரிமை கேட்டு நாடார்கள் பல ஆண்டு போராடிய பின், பிரெஞ்சு இயேசு சபைக் குரு கௌசானல் அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். தனி இடம் எங்கள் உரிமை என்று மறுபக்கத்தார் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்து, அவர்களுக்கு எதிராக முடிந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்தக் கதையை ஆவணங்களோடு விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்க் கிறிஸ்தவர் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்.

அதே 1910 ஜூனில் எடின்பரோ நகரத்து உலக மிஷனரி மாநாட்டில் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் எழுந்து பேசினார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா. மிஷனரிகள் தங்கள் உடைமையைத் தருகிறார்கள், உயிரையும் தருகிறார்கள், ஆனால் இந்தியரைத் தங்களுக்குச் சமமான நண்பராக நடத்துவதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். கூட்டத்தில் பலருக்கு முகம் சுருங்கியது. இரண்டு ஆண்டு கழித்து அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராகித் தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு நாட்டின் மாலா, மாதிகா மக்கள் நடுவே ஊழியம் செய்தார். ஒரே ஆண்டில் தெற்கே சாதிச் சுவர், வடக்கே எடின்பரோவில் நிறச் சுவர். இரண்டையும் அவற்றால் ஒதுக்கப்பட்டவர்களே அசைத்தார்கள். புதுச்சேரியிலும் அப்படித்தான் நடந்தது. மேலிருந்து வந்த ஆணைகளைக் காட்டிலும் கீழிருந்து போன முறையீடுகளே சுவர்களை இடித்திருக்கின்றன.

இங்கே ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். தனக்கு மேலே இருப்பவரிடம் சமத்துவம் கேட்ட சாதி, தனக்குக் கீழே இருப்பவர் அதையே கேட்கும்போது தயங்கி நின்றது. தென்மாவட்டங்களிலும் சரி, வடமாவட்டங்களிலும் சரி, நம் சபைகளின் பின்னாளைய கதை பெரும்பாலும் இதுதான்.

இன்று என்ன நிலை? மாறவே இல்லை என்று சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். கோயிலுக்குள் தனித்தனிப் பக்கம் அநேகமாகப் போய்விட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கிராதியில் முழந்தாளிட்டு நன்மை வாங்கும் முறை மாறி, எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். முன்னால் நிற்பவர் யார் என்று பார்த்து ஒதுங்குகிற வசதி அந்த வரிசையில் கிடையாது. ராஜநாயக்கனுக்கு மறுத்த பட்டம் இன்று அவர் வழியினருக்கு எட்டியிருக்கிறது. குருக்கள், கன்னியர், ஆயர்கள் அவர்களிலிருந்து வந்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். தலித் சமூகத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் மனிதர். ஆனாலும் எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்தும் ஆயர் நியமனத்தில் எங்களுக்குப் பங்கில்லை என்று தமிழ்நாட்டுத் தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்திலும் இசையிலும் நடந்தது இன்னும் பெரிய மாற்றம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. துறவற மடத்துக்குள் இருந்து வெளியேறிய ஒரு பெண், அங்கே ஏழ்மை பற்றிப் பேசுகிறவர்கள் ஏழையை எப்படி நடத்தினார்கள் என்பதைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் 'பரட்டை அண்ணன்', நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறையே இயற்றினார். தீட்டு என்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறை பீடத்துக்கு முன்னால் வந்தது. 'ஒரே உலை' என்பது அவருடைய இறையியல்: சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிடாத சபைக்கு நற்கருணை பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார். சாஸ்திரியார் காப்பாற்றிக் கொடுத்த தமிழிசை கர்நாடக இசை. பரட்டை அண்ணன் கொண்டுவந்ததும் தமிழிசைதான். இரண்டையும் ஒரே ஆராதனையில் பாடுகிற சபைகள் இப்போது இருக்கின்றன. பெந்தெகொஸ்தே நாள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவர்களை அங்கே அனுப்பலாம்.

ஆனால் சுவர் போன இடம் எனக்குத் தெரிகிறது. கோயிலிலிருந்து வெளியேறி மூன்று இடங்களில் குடியேறியிருக்கிறது: கல்லறை, திருவிழா, கல்யாணம்.

கல்லறைக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. திருச்சி மேலப்புதூரில், நகரத்தின் நடுவிலேயே, செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கும் சுவர் பற்றிப் பல ஆண்டுகளாகப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. கடைசி நாளில் எல்லாரும் ஒன்றாக எழுந்து வருவோம் என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறவர்கள், எழும்வரைக்கும் தனித்தனியாகப் படுத்திருக்க ஆசைப்படுகிறார்கள்.

திருவிழா இன்னும் ஆபத்தானது. கொடியேற்றம், தேர்ப்பவனி, மண்டகப்படி என்று ஊரின் மரியாதை முழுக்க அந்தப் பத்து நாளில் அடங்கிவிடுகிறது. தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருமுனையோடு திரும்பும் என்பதில் யார் மனிதர் என்ற தீர்ப்பு இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக அன்று இருந்த எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் 2008 மார்ச்சில் மூண்ட கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். சவ ஊர்வலம் எந்தப் பாதையில் போவது, கோயிலின் பொதுச் சொத்தை யார் பயன்படுத்துவது என்பவைதான் அங்கே புகைந்துகொண்டிருந்த பிரச்சினைகள். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில் திருவிழாவில் தங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை, தங்களிடம் வரிகூட வாங்குவதில்லை என்ற புகாரோடு தலித் கிறிஸ்தவர்கள் 2025இல் உச்ச நீதிமன்றத்தின் படியேறியிருக்கிறார்கள். காணிக்கை கேட்டு வருகிறவரை அனுப்பிவைக்கும் மனிதரைப் பார்த்திருக்கிறோம். காணிக்கை கொடுக்க வருகிறவரைத் திருப்பி அனுப்பும் கோயில் விந்தைதான்.

கல்யாணத்துக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமக்கள் பக்கத்தை விரித்தால் போதும். ஆர்.சி. வன்னியர், சி.எஸ்.ஐ. நாடார், ஆர்.சி. உடையார், ஆர்.சி. ஆதிதிராவிடர். ஒரு காலத்தில் ஆர்.சி. வீட்டுப் பெண்ணைச் சி.எஸ்.ஐ. வீட்டில் கொடுப்பது பெரிய பாவம். இப்போது ஆயரிடம் அனுமதிக் கடிதம் வாங்கினால் முடிந்தது. ஒரே சாதியாக இருந்தால் இரு வீட்டாரும் சிரித்த முகத்தோடு அந்தக் கடிதத்துக்கு அலைகிறார்கள். ஒரே பங்கில், ஒரே பாடகர் குழுவில், பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடும் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு சாதியாக இருந்து கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டால் அப்போது தெரியும் சபையின் நிறம். நானூறு ஆண்டு வேதச் சண்டையால் உண்டான பிரிவு கரைந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே வந்தது கரையவில்லை. இதைப் பற்றிப் பிரசங்கம் செய்த குருக்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். செய்தவர்கள் மறுநாளே மாற்றல் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு சுவர் கட்டியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, சில சீக்கியப் பிரிவினர் நீங்கலாக, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினர் என்று ஏற்றது. 1956இல் மற்றச் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், இந்துத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டுப் போட்ட வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சாட்சி யார் சொல்வது? எங்கள் மதத்தில் சாதி இல்லை என்று சபை பீடத்தில் சொல்ல வேண்டும். எங்களுக்குள் சாதிக் கொடுமை கடுமையாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். முதலாவதைச் சொல்லிச் சொல்லி இரண்டாவதைச் சொல்லும் துணிவைச் சபை நெடுங்காலம் இழந்திருந்தது. 1982இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர்கள் சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தார்கள். 2003இல் தமிழ்நாட்டு ஆயர்களை ரோமில் சந்தித்தபோது இரண்டாம் யோவான் பவுல் இந்த விஷயத்தை முகத்துக்கு நேராகவே எடுத்துப் பேசினார். 2016 டிசம்பரில் வந்த தலித் மேம்பாட்டுக் கொள்கையில்தான் தீண்டாமை சபைக்குள் இருப்பதை ஆயர் பேரவை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. முடிவு தில்லியில் காத்திருக்கிறது.

தேவசகாயத்துக்கு 2012இல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவர் பெயரோடு 'பிள்ளை' ஒட்டிக்கொண்டிருந்தது. சாதியை மீறிச் செத்தவரின் பெயரில் சாதிப் பட்டமா என்று தமிழ்நாட்டிலிருந்து எழுந்த எதிர்ப்பை வத்திக்கான் காதில் வாங்கியது. 2022 மே 15 அன்று பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது 'பிள்ளை' இல்லை. இந்தியாவில் புனிதர் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர் வெறும் தேவசகாயமாகவே பீடமேறினார்.

ரோமில் ஒரு பெயரைத் திருத்த முடிந்தவர்களுக்குத் தங்கள் பங்கின் வரிப் புத்தகத்தைத் திருத்த முடியாதா? இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு முன் உங்கள் ஊர்க் குழு கூடும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எல்லாத் தெருவிலும் வரி வாங்குகிறோமா? தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? கல்லறைத் தோட்டத்தில் வரிசை இறந்த தேதிப்படி இருக்கிறதா? கேட்டால் சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். போகட்டும், கேளுங்கள்.